ஒரே ரோடு, ஒரே காண்ட்ராக்ட்: ராமநாதபுரம் கடலோரத்தில் தார் ஏன் ஓரிடத்தில் நிற்கிறது, ஓரிடத்தில் உடைகிறது?

கேள்வி இதுதான்: தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று கடலை ஒட்டிப் போகும் ரோட்டிலும், அதிலிருந்து உள்ளே பிரியும் மாநில நெடுஞ்சாலைகளிலும் ஒரே வாரத்தில் போட்ட தார் ஓரிடத்தில் ஏழெட்டு வருஷம் அசையாமல் கிடக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி முதல் கார்த்திகை மழைக்கே பெயர்ந்துவிடுகிறது. ஏன்? அகலப்படுத்தும் வேலை நடக்கும்போது ஊர்க்காரர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலும் எல்லாரும் தாரின் கனத்தைத்தான் பார்க்கிறார்கள். விரலால் பெயர்த்துப் பார்த்து வீடியோவும் எடுக்கிறார்கள். இந்தக் கடலோரத்தில் ரோடு மேலிருந்து சாவது குறைவு. கீழிருந்து ஏறும் உப்புத் தண்ணீர், மேற்கே கண்மாயிலிருந்து வந்து முட்டும் மழைத் தண்ணீர், தார் விளிம்பில் இறங்கும் தண்ணீர், இந்த மூன்றில் எது உங்கள் இடத்தில் வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி விடை வந்துவிடும்.

முதலில் ரோடு எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம். மாவட்டத்தின் வடக்கு எல்லையில் எஸ்.பி.பட்டினம், அதற்குத் தெற்கே தொண்டி, உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், பிறகு ராமநாதபுரம். இதுவரை இடது கைப் பக்கம் பாக் ஜலசந்தி. ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, அதன்பின் தூத்துக்குடி மாவட்டத்து வேம்பார். இங்கே கடல் மன்னார் வளைகுடா. மாநில அரசின் கிழக்குக் கடற்கரைச் சாலையாக இருந்த இந்த வழி இப்போது தேசிய நெடுஞ்சாலை 32-இல் சேர்ந்திருக்கிறது. மதுரையிலிருந்து சிவகங்கை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு வருவது முன்பு மாநில நெடுஞ்சாலை 33, இப்போது தேசிய நெடுஞ்சாலை 85-இன் கடைசிப் பகுதி. ராமநாதபுரத்திலிருந்து நயினார்கோவில், இளையான்குடி, சிவகங்கை வழியாக மேலூர் போவது மாநில நெடுஞ்சாலை 34. சாயல்குடியிலிருந்து கடலாடி, முதுகுளத்தூர் வழியாகப் பரமக்குடிக்கு ஒரு முக்கியமான ரோடு ஏறுகிறது. நீங்கள் நிற்பது யார் ரோடு என்று சந்தேகம் வந்தால் மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. தரம் மாறிய ரோட்டில் பழைய கல் அப்படியே நிற்பதும் உண்டு என்பதால், மனு எழுதும் முன் உட்கோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வரைபடத்தில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை ரோடு ஏறக்குறைய வடக்கு தெற்காகப் போகிறது. நிலத்தின் சாய்வோ மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி. அதாவது மழைத் தண்ணீருக்குக் குறுக்கே கட்டிய கரை மாதிரி ரோடு கிடக்கிறது. கீழக்கரைக்கு அப்பால் ரோடு மேற்காகத் திரும்பிவிடுகிறது, தண்ணீர் வடக்கிலிருந்து வருகிறது, மற்றபடி கதை அதேதான்.

உப்பிலிருந்து தொடங்குவோம், இந்தப் பகுதிக்கே உரிய நோய் அதுதான். உப்பூர், திருப்பாலைக்குடிப் பக்கமோ வாலிநோக்கத்தைச் சுற்றியுள்ள உப்பளப் பகுதியிலோ மாசி பங்குனியில் ரோட்டோரம் குனிந்து பாருங்கள். மண்ணில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது போல நுண்மண் நிலத்தடி நீரை மேலே இழுக்கிறது. பருமணலில் இந்த ஏற்றம் சில அங்குலங்களோடு நின்றுவிடும், வண்டலிலும் களிமண்ணிலும் ஒரு மீட்டரைத் தாண்டும். ஏறிய தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. ஜல்லிப் படுகையின் மேல்முகத்தில் படிகமாகத் தங்கி வளர்கிறது. அதன்மேல் பிரைம் கோட் (ஜல்லி மேல் முதலில் தெளிக்கும் மெல்லிய தார்ப் பூச்சு) மட்டும் அடித்து இரண்டு மூன்று வாரம் சும்மா விட்டால் என்ன ஆகும் தெரியுமா? கறுப்புத் தோல் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சின்னச் சின்னதாகக் கொப்பளித்து எழும். ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைத் தூள் இருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தப் பரப்பின் மேலேயே தார்க்கலவையைப் போட்டால் ஜல்லிக்கும் தாருக்கும் ஒட்டே இருக்காது. லாரி பிரேக் போடும் இடத்தில் தகடு தகடாகக் கழன்று வரும். ஜனங்கள் ‘தார் கம்மி’ என்பார்கள். தார் சரியாகவே இருந்திருக்கும்.

இதற்கு மூன்று காப்பு உண்டு. ஒன்று, ரோட்டின் உயரம். சப்கிரேடு என்கிற மேல்மண் படுகையின் அடிப்பாகம், வெள்ள மட்டத்தை விடவும் நிலத்தடி நீரின் மிக உயர்ந்த மட்டத்தை விடவும் குறைந்தது 60 செ.மீ., முடிந்தால் ஒரு மீட்டர் மேலே இருக்க வேண்டும். இரண்டு, உயர்த்த முடியாத இடத்தில் திரியை நடுவில் அறுத்துவிடுவது. மண் கரைக்கும் ஜல்லிக்கும் இடையில் 15 முதல் 30 செ.மீ. கனத்துக்குச் சுத்தமான பருமணல் விரித்தால் நீரேற்றம் அங்கேயே நின்றுவிடும். அந்த மணல் கடற்கரை மணலாக இருக்கக் கூடாது. பக்கத்தில் சும்மா கிடக்கிறதே என்று அள்ளிப் போட்டால் உப்பைக் காசு கொடுத்துப் புதைத்த கணக்கு. மூன்று, தண்ணீர்.

தண்ணீர் விஷயத்தை எஸ்டிமேட்டில் யாரும் தேடுவதில்லை. வெட் மிக்ஸ் ஜல்லி, அதாவது தண்ணீர் கலந்தே விரிக்கும் ஜல்லிக் கலவை, இறுகுவதற்கு எடையில் சுமார் 5 சதவீதம் ஈரம் வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலம், 25 செ.மீ. கனம், ஒரு கிலோமீட்டர் நீளம் என்றால் 375 கன மீட்டர் ஜல்லி. அதற்கு ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர், பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் நாலு நடை. கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றில் வருவது பாதி இடங்களில் உப்புத் தண்ணீர். குடிக்க ஆகாத தண்ணீர் ரோட்டுக்கு ஆகும் என்று நினைத்து அதையே தெளித்தால், கீழிருந்து உப்பு ஏறும் வரை காத்திருக்கவே வேண்டாம், நாமே மேலிருந்து ஊற்றிவிட்டோம். டேங்கர் தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் விரலளவு ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். தட்டில் வெள்ளைப் படலம் தடிப்பாக நின்றால் கேள்வி கேளுங்கள். பாலத்துக்கான கான்கிரீட்டுக்கு விதி இன்னும் கண்டிப்பு: கம்பி உள்ள கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456.

பிரைம் கோட்டுக்குப் பிறகு குறைந்தது 24 மணி நேரம் காய விட வேண்டும் என்பது விதி. ஆனால் உப்புப் பகுதியில் காய்ந்ததும் உடனே அடுத்த படுகையால் மூடிவிட வேண்டும், வாரக்கணக்கில் திறந்து போடக் கூடாது. பில் வரவில்லை என்று பிரைம் அடித்த நிலையில் வேலை நிற்கும் இடங்கள்தான் பின்னால் முதலில் உடையும் இடங்கள்.

கடலை விட்டு உள்ளே போனால் எதிரி மாறுகிறான். கடலாடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசல். மழையில் ஊதி, கோடையில் வற்றி வெடிக்கும் மண். தார் விளிம்பிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உள்ளே, ரோட்டுக்கு இணையாக நூல் பிடித்தது போல ஒரு நீள வெடிப்பு சித்திரையில் தெரிந்தால் அது கரிசலின் கையெழுத்து. ஓரத்து மண் காய்ந்து சுருங்குகிறது, நடுமண் தார் மூடியிருப்பதால் ஈரமாகவே இருக்கிறது, இரண்டும் பிரியும் இடத்தில் வெடிப்பு விழுகிறது. ஐப்பசியில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, கார்த்திகையில் விளிம்பு அமுங்கிவிடும்.

மண் ஊதுமா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு, ஆய்வகமே தேவையில்லை என்று சொல்லலாம். நன்றாக உலர்த்தி நுண்ணிய சல்லடையில் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, 100 மி.லி. அளவு ஜாடி இரண்டில் போடுங்கள். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர். குச்சியால் கிளறிக் காற்றை வெளியேற்றி ஒரு நாள் முழுக்க வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது, தண்ணீரில் ஊதும். மண்ணெண்ணெய் ஜாடியில் 10 மி.லி. கோட்டிலும் தண்ணீர் ஜாடியில் 16-இலும் மண் நின்றால் ஊதல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டிய மண்ணை ரோட்டுக்கரையில் நிரப்பவே கூடாது. இருக்கிற மண்ணே அப்படி என்றால் 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை ஊதாத கிராவல் மண்ணை மெத்தையாகப் போட்டு அதன்மேல்தான் ஜல்லி வரவேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பதப்படுத்த வேண்டும். அப்புறம் இந்தக் கண்மாய்க் கரம்பை. வயலுக்கு அது உரம், ரோட்டுக்கரைக்கு அது ஆகவே ஆகாது. தூர் வாரிய மண் சும்மா கிடைக்கிறது என்று புருவத்தில் (தாரை ஒட்டிய ரோட்டோரத்தில்) கொட்டுவது வழக்கமாகிவிட்டது. சவுடு மண் என்ற பெயரில் வருவதிலும் ஒவ்வொரு குவாரிக்கும் குணம் வேறு, பெயரை நம்பாமல் மண்ணைச் சோதிக்க வேண்டும்.

இனி அகலப்படுத்துவது. அதிகம் தப்பு நடப்பது இங்கேதான்.

ஒற்றை வழி 3.75 மீட்டர், இடைநிலை 5.5, இருவழி 7 மீட்டர், இருபுறமும் ஒன்றரை மீட்டர் தார்ப் புருவம் சேர்த்தால் 10 மீட்டர். கிராமத்து மாநில நெடுஞ்சாலையில் அடிக்கடி நடப்பது 5.5-ஐ ஏழாக்குவது. அதாவது ஒன்றரை மீட்டர் கூட வேண்டும். காகிதத்தில் அழகாக இருபுறமும் முக்கால் மீட்டர் என்று பிரித்துவிடுகிறார்கள். முக்கால் மீட்டர் பள்ளத்தில் எந்த ரோலர் இறங்கும்? சாதாரண அதிர்வு ரோலரின் உருளையே இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். அதனால் பள்ளத்தில் ஜல்லியைக் கொட்டி, தண்ணீர் விட்டு, பழைய தாரின் மேல் ரோலரின் பாதியை ஏற்றி ஓட்டிக் காட்டுவார்கள். எடை முழுவதும் பழைய தாரில் நிற்கும், புதிய ஜல்லி இறுகவே இறுகாது. ஆறு மாதத்தில் இரண்டு ஓரத்திலும் வண்டித்தடம் விழும். பேருந்தின் இடது சக்கரம் போகும் தடம் துல்லியமாக அந்தப் புதிய பட்டையின் மேல்தான் விழுகிறது என்பது இதில் கூடுதல் கொடுமை.

சரியான வழி, முடிந்தவரை ஒரே பக்கம் ஒன்றரை மீட்டரையும் எடுப்பது. வெட்டும்போது இரண்டரை மீட்டராக வெட்டினால் ரோலர் முழுதாக இறங்கும், மிச்ச ஒரு மீட்டர் புருவத்துக்கு ஆகும். இடம் இல்லாத ஊர்ப் பகுதியில் ஒரு மீட்டருக்குள் ஓடும் குட்டி ரோலரும் பிளேட் கம்பாக்டரும் வைத்து, ஒவ்வொரு படுகையையும் 10 செ.மீ.க்கு மேல் போகாமல் இறுக்க வேண்டும். பெரிய ரோலருக்கே ஒரு படுகை இறுகிய பின் 20 செ.மீ.தான் உச்சம், குட்டி ரோலரில் அதே கனத்தைப் போட்டால் மேல் பாதி மட்டும் இறுகும்.

பழைய கரையையும் புதிய மண்ணையும் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். பழைய சரிவின் மேல் புதிய மண்ணைச் சரித்துக் கொட்டினால், இரண்டுக்கும் நடுவில் ஒரு வழுக்குத் தளம் உண்டாகிறது. சரிவில் இருக்கும் புல்லையும் சீமைக்கருவேல வேரையும் முழுதாகப் பிடுங்கி, சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்டி, ஒவ்வொரு படியிலும் புது மண்ணை உட்கார வைத்து இறுக்க வேண்டும். கருவேலத்தை ஜேசிபியால் மேலே சாய்த்துவிட்டு வேர்க்கட்டையை உள்ளேயே விட்டால், அது மட்கும்போது அந்த இடம் உள்வாங்கும். மட்காமல் போனால் தாரைக் கிழித்துக்கொண்டு துளிர்க்கும். இரண்டும் இந்த மாவட்டத்தில் சாதாரணம். பனை குறுக்கே வந்தால் அப்படிச் சாய்த்துவிட முடியாது, மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். சில வேலைகள் மாதக்கணக்கில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே தார்க்கலவை போடும்போது, கீழ்ப் படுகையின் நீள இணைப்பும் மேல் படுகையின் இணைப்பும் ஒரே கோட்டில் வரக் கூடாது. ஒரு சாணாவது விலக வேண்டும். கோடு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் தண்ணீருக்கு நேர்வழி கிடைத்துவிடும்.

கருங்கல் இந்தக் கடலோரத்தில் கிடையாது. ஜல்லி முழுவதும் சிவகங்கை, விருதுநகர், புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்துதான் வர வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு 20 செ.மீ. ஜிஎஸ்பி (ஜல்லிப் படுகைக்கு அடியில் வரும் வடிகால் படுகை) போட ஒரு கிலோமீட்டருக்கு இறுகிய அளவில் 300 கன மீட்டர், லூசாக 390. மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் சுமார் 46 லோடு. இவ்வளவு தூரத்து வாடகை இருப்பதால்தான் ஜிஎஸ்பியில் உள்ளூர் மண் கலக்கும் ஆசை வருகிறது. ஜிஎஸ்பியின் வேலையே தண்ணீரை வடித்து வெளியே விடுவது. ஒரு கை அள்ளி ஈரமாக்கிப் பிசையுங்கள். உருண்டை பிடிக்க வந்தால் அதில் களி இருக்கிறது, அது வடிக்காது, தேக்கும். இன்னொன்று, ஜிஎஸ்பி படுகை புருவத்துக்கு அடியிலும் நீண்டு சரிவு முகம் வரை வந்து வெளியே தெரிய வேண்டும். தார் அகலத்தோடு நிறுத்தி, ஓரத்தில் களிமண் புருவம் கட்டிவிட்டால், வடிகால் படுகைக்கு வாயை அடைத்த மாதிரி. பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே தொட்டி கட்டியிருக்கும்.

சிறுபாலங்களுக்கு வருவோம். மாவட்டத்தின் மழை ஆண்டுக்குச் சராசரியாக 800 மி.மீ. சொச்சம்தான், ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிடும். ராமேஸ்வரத்தில் 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. வருஷச் சராசரியைப் பார்த்துக் குழாய் போட்டால் அப்படி ஒரு நாளில் ரோடே கலுங்கு (கண்மாயின் உபரி நீர் வழியும் இடம்) ஆகிவிடும்.

கண்மாய்கள் சங்கிலியாக இருக்கும் நாடு இது. மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் மறுகால் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு. கடைசிக் கண்மாயின் மறுகால் கடலுக்கு. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்லப்படும் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் ஒன்று போதும், அது மறுகால் போகும் வருஷத்தில் கிழக்கே கடலோர ரோடு எவ்வளவு தண்ணீரைக் கடக்கவிட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே பாலத்தின் அளவை ரோட்டில் நின்று முடிவு செய்ய முடியாது. மேற்கே போய்க் கலுங்கின் நீளத்தையும், பொதுப்பணித் துறைக் காலத்து மறுகால் ஓடையின் அகலத்தையும் பார்க்க வேண்டும். இருபது மீட்டர் கலுங்கிலிருந்து வரும் ஓடைக்கு ஒரு மீட்டர் குழாய் இரண்டு போட்டுவிட்டு, ‘பழையதும் இதே அளவுதான்’ என்பது வாதமல்ல. பழைய ரோடு தாழ்வாக இருந்தது, மிச்சத் தண்ணீர் மேலே ஏறிப் போனது. இப்போது ரோட்டை உயர்த்திவிட்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? மேற்கே நெல்வயலில் நிற்கும், அல்லது குழாயின் பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். ரோட்டை உயர்த்தினால் பாலத்தின் கண்களைக் கூட்டியே ஆக வேண்டும். தாம்போதியை (வெள்ளம் மேலே ஏறிப் போகும்படி தாழ்வாக விட்ட ரோடு) தாம்போதியாகவே விடுவது சில ஓடைகளில் புத்திசாலித்தனம். அப்படி விட்டால் அந்த நீளத்துக்குத் தார் கூடாது, கான்கிரீட் தளம், கிழக்கு விளிம்பில் அரிப்புத் தடுப்புச் சுவர், ஓரத்தில் அடி அளவு குறித்த கம்பம் எல்லாம் வேண்டும்.

குழாய் போட்டால் 900 மி.மீ.க்குக் குறையாமல் போடுவது நல்லது. 600 மி.மீ. குழாயில் ஆள் இறங்கி மண் அள்ள முடியாது, மூன்றாவது வருஷம் கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைத்துவிடும். குழாயின் முதுகுக்கும் தாருக்கும் நடுவில் 60 செ.மீ. மண்மெத்தை வேண்டும். இல்லையென்றால் உப்பு லாரி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் அதிர்ந்து இணைப்பு விலகும். பாலம் எங்கே கெடுகிறது என்று பார்க்க மேற்குப் பக்கம் இறங்காதீர்கள், கிழக்குப் பக்கம் இறங்குங்கள். தண்ணீர் வெளியே விழும் இடத்தில் குழி விழுந்து, தளத்துக்கு அடியில் கை நுழைகிறதா என்று தடவிப் பாருங்கள். நுழைந்தால் அடுத்த மழைக்கு முன் கல் பாவிக் கான்கிரீட் அடைத்தாக வேண்டும்.

கம்பிக்குக் கடற்காற்று எமன். கடல்நீர்ச் சிதறல் படும் பாலத்துக்கு எம் 40 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 5 செ.மீ. மூடல் என்பது குறைந்தபட்சம். அலை ஏறி இறங்கும் மட்டத்தில் மூடல் 7.5 செ.மீ. பெட்டிப் பாலத்தின் கூரையில் அடியிலிருந்து துருக்கோடு வரிவரியாகத் தெரிந்தால், கட்டும்போது கம்பியைத் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டைச் செருகியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போதுதான் தார். (இன்று போடுவது தாரே அல்ல, பிட்டுமன். ஆனால் ‘பிட்டுமன் ரோடு’ என்று சொன்னால் ஊரில் யாருக்கும் புரியாது.) ஏழு மீட்டர் அகலத்துக்கு 4 செ.மீ. மேல் படுகை போட ஒரு கிலோமீட்டருக்கு 280 கன மீட்டர் கலவை, சுமார் 670 டன். அதில் 5.4 சதவீதம் பிட்டுமன் என்றால் 36 டன். இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் எத்தனை லோடு வந்தது என்று எண்ணியே கனத்தை ஊகிக்கலாம். விஜி-30 (பிட்டுமனின் ஒரு தர வகை) என்றால் பிளாண்டில் கலவை 150 முதல் 165 டிகிரி, விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது, 90-க்குக் கீழே இறங்குமுன் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். பிளாண்ட் ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது தார்ப்பாய் மூடாத டிப்பரில் மேலும் ஓரமும் கட்டியாகிவிடும். டிப்பர் தொட்டி தூக்கும்போது கலவை நீலப்புகை விட்டால் அளவுக்கு மேல் சூடு, பிட்டுமன் கருகிவிட்டது. கூம்பு மாதிரி விறைத்து நின்றால் ஆறிவிட்டது. பளபளப்போடு மெதுவாகச் சரிந்தால் சரி. ஆடிக் காற்றும் ஒரு கணக்கு: தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் காற்று மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டினால் தார் வேலையை நிறுத்தச் சொல்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக விவரக்குறிப்பு. கச்சான் வீசும் ஆடியில் இந்தக் கரையில் அது அபூர்வமல்ல. மெல்லிய படுகை நிமிஷத்தில் ஆறிவிடுவதோடு, டாக் கோட்டின் (படுகைகளை ஒட்டவைக்கும் மெல்லிய பூச்சின்) மேல் மணல் வந்து படிந்து ஒட்டைக் கெடுக்கும். மாசி முதல் ஆனி வரை முடித்துவிடுவது நல்லது. புரட்டாசிக் கடைசியில் அவசரமாகப் போட்ட தார் எது என்று தை மாதம் ரோடே சொல்லும்.

தனுஷ்கோடி ரோட்டை இதோடு ஒப்பிட வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த இடத்தில், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. ரோடு 2017 ஜூலை 27-இல் திறக்கப்பட்டது. இருபுறமும் கடல், அடியில் வெறும் மணல். அங்கே எதிரி அலையும் பறக்கும் மணலும்தான், களிமண்ணோ கண்மாயோ அல்ல.

ரோட்டின் நடுமேடு எளிதாக அளக்கக் கூடியது. 2.5 சதவீதச் சாய்வு என்றால் ஏழு மீட்டர் ரோட்டில் நடுப்புள்ளி விளிம்பை விட ஏறக்குறைய ஒன்பது செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நடுவிலிருந்து விளிம்புக்கு நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புருவம் தாரை விடச் சரிவு கூடுதலாக, குறைந்தது மீட்டருக்கு 3 செ.மீ. இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் புருவம்தான் ரோட்டை விட உயர்ந்து நிற்கிறது. ஆடு மாடு நடந்து, மிளகாயும் நெல்லும் காயப்போட்டு, கடைக்காரர் மண் கொட்டி, வருஷத்துக்கு ஓரிரு அங்குலம் ஏறிவிடும். மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தார் விளிம்பிலேயே ஓடும். பிறகு அதே இடத்தில் விளிம்பு கடித்தது போல உடையும். மண்வெட்டியால் பத்தடிக்கு ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் தடுக்கக்கூடிய சேதம் இது. ஐந்தாறு சாலைப் பணியாளர்கள் புரட்டாசியில் ஒரு வாரம் செய்யும் வேலை, பின்னால் லட்சக்கணக்கான பேட்ச் ஒர்க்கை மிச்சம் பிடிக்கும்.

புருவத்தில் வறண்ட பங்குனியிலும் பச்சைப் புல்லும் ஆடுகளும் தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டாம். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் எங்கோ கசிகிறது. வருஷம் முழுவதும் ஈரம் ஏறிய அந்த இருபது மீட்டர், மற்ற எந்த இடத்துக்கும் முன்னால் அமுங்கும். குழாயைச் சரி செய்யாமல் மேலே எத்தனை முறை தார் போட்டாலும் போகும்.

ஊருக்குள் நிலைமை நேர்மாறு. வெளியே ரோட்டை உயர்த்து என்று சொன்னேன், ஊருக்குள் உயர்த்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் நாலைந்து செ.மீ. ஏற்றிக்கொண்டே போனால் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போய்விடும், வீட்டுக்குள் தண்ணீர் வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் போட வேண்டும் என்று 2021-இல் அரசே உத்தரவிட்டிருக்கிறது. எஸ்டிமேட்டில் மில்லிங் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நிற்கும் பள்ளத்தெருவாக இருந்தால் தாரை விட்டுவிட்டுக் கான்கிரீட் கேளுங்கள், கூடவே வடிகாலும். வடிகால் கடலில் சேரும் முனை, பௌர்ணமி அமாவாசை ஓதத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே போகிறதா என்று பார்க்காமல் கட்டிய வடிகால்களில், தண்ணீர் ஊருக்குள் எதிர்த்து வரும்.

எடை பற்றி ஒரே ஒரு கணக்கு. அச்சு எடை கூடினால் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அனுமதித்ததை விட 20 சதவீதம் அதிகம் ஏற்றினால் ஒரு லாரி இரண்டு லாரியின் சேதத்தைச் செய்யும். உப்பும் கரி மூட்டையும் ஜல்லியும் போகும் பக்கத் தடம் மட்டும் சீக்கிரம் குழிவதும், வெறும் வண்டி திரும்பும் தடம் நன்றாக இருப்பதும் இதனால்தான். மீன் வண்டிகள் வழி நெடுக ஒழுகவிடும் ஐஸ் தண்ணீர் தாரைக் கெடுப்பதை விட இருசக்கர வண்டிக்காரர்களைக் கெடுப்பது அதிகம், வளைவில் வழுக்கும்.

காகிதத்தில் என்ன கேட்கலாம்? வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் பலகையில் மதிப்பீடு, நீளம், காலக்கெடு இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, அளவுப் புத்தக நகல், கிலோமீட்டர் வாரியான மண் சிபிஆர் (மண் எவ்வளவு எடை தாங்கும் என்ற அளவு) முடிவு, மணல் மாற்று முறை இறுக்கச் சோதனை முடிவு (மேல்மண் படுகைக்கு 97 சதவீதம் வேண்டும்), பிட்டுமன் அளவுச் சோதனை, பராமரிப்புப் பொறுப்புக் காலம் ஆகியவற்றைக் கேளுங்கள். ‘ரோடு சரியில்லை, நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதினால் பேட்ச் போட்டு முடித்துவிடுவார்கள். ‘இந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து 300 மீட்டரில் உள்ள சிறுபாலத்தின் கிழக்குத் தளம் அடியில் அரித்திருக்கிறது’ என்று படத்தோடு எழுதினால், அது உதவிக் கோட்டப் பொறியாளர் தன் கையெழுத்தில் பதில் சொல்ல வேண்டிய விஷயமாகிவிடும்.

எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை என்றால், ஐப்பசியின் முதல் பெருமழை நின்று ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் பகுதி ரோட்டில் மெதுவாக ஒரு தடவை போய் வாருங்கள். தார் நடுவில் எங்கே தண்ணீர் நிற்கிறது, விளிம்பை ஒட்டி எங்கே ஓடுகிறது, மேற்கே எந்த வயலில் ரோட்டு மட்டத்துக்கு நிற்கிறது, எந்தக் குழாயின் கிழக்கு வாயில் ஒழுக்கே இல்லை என்று நாலு படம் எடுத்துக் கிலோமீட்டர் கல்லோடு குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் எல்லாம் வடிந்திருக்கும், காட்ட எதுவும் இருக்காது.